துணைக்கு வந்தவள்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்லலாம். அதுதான் என் வயிற்றெரிச்சல். கோள் மூட்ட மாட்டாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் முகம் சுளிக்காமல் தண்ணீரைக் குடித்துக் குடித்தே சாப்பிட்டு முடிப்பாள். செய்த உதவியைச் சொல்லிக் காட்ட மாட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் நானும் நாலு பேரிடம் திட்டித் தீர்த்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இப்படி ஒருத்தியோடு ஒரே சமையலறையில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

என் கணவரின் தம்பி மனைவி அவள். வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். முறைக்கு நான் அக்கா. வயதுக்கு அவள்தான் எனக்கு மூத்தவள். கிள்ளானிலிருந்து கல்யாணமாகி வந்த அன்றே, கொஞ்சமும் தயங்காமல் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். இந்த வயது விஷயத்தை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். 'அவளுக்கென்ன, சின்ன வயசு' என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளியில் அவள் டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிவிட்டு வந்தும் முகம் வாடாது. தூங்க வேண்டும் என்று நினைத்தால் தூங்கிவிடுவாள். எல்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததும் தானாகக் கண் விழிக்கும். அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "தெரியலக்கா" என்றாள். ரசம் எப்படி இவ்வளவு வாசமாக வருகிறது என்றாலும் தெரியலக்கா. அடம்பிடிக்கிற பிள்ளை அவளிடம் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறது என்றாலும் தெரியலக்கா. தன்னடக்கம் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். எதையோ மறைக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ஓட்டம் என்னுடையது. இதை யாரும் மறந்துவிடக் கூடாது. அந்த ஃபிளாட்டில் அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் ஒன்றாக இருந்தோம். ஃபிரிட்ஜ் பொது, குளியலறை பொது, டிவி ரிமோட்டுக்கு வரிசை. வேலைக்குப் போனால் சுங்கை வே தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, மற்றவர்கள் பொருத்திய சாமானில் தப்புக் கண்டுபிடிக்கிற சூப்பர்வைசர் உத்தியோகம். எனக்கென்று இருந்தது விடியற்காலையில் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். ஒரு மாரத்தானை எப்படியோ பாதி ஓடிப் பாதி நடந்து முடித்திருந்தேன். அடுத்ததை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆசை. நகை கேட்டதில்லை, வெளிநாடு கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் ஆசைப்பட்டேன்.

என் கணவர் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சமயம் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போயிருந்தான். "இருட்டுல தனியா போக வேணாம்" என்றார். "சின்னவளத் துணைக்குக் கூட்டிட்டுப் போ."

அவளும் சரி என்று கிளம்பினாள். பள்ளிக்குப் போடுகிற வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, அவள் புருஷனின் பழைய டீ சட்டை. முதல் நாள் ரயில்வே பாலம் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நின்று, முதுகைத் தடவிவிட்டு, தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் அமான் கார் பார்க்கில் கூடுகிற எங்கள் ஓட்டக்குழுவுக்கும் அழைத்துப்போனேன். அங்கே மேடு அதிகம். நான் ஏறி முடித்து மேலே நின்று காத்திருப்பேன். அவள் முகம் சிவந்து வந்து சேருவாள். "சாரிக்கா, லேட் ஆக்கிட்டேன்" என்பாள். "பழகினா வரும், பழகினா வரும்" என்று நான் தைரியம் சொல்வேன். என் வாயாலேயே சொன்னேன். அந்த மாதங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன.

குழுவில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை கோச் அங்கிள் என்போம். செராஸிலிருந்து வருவார். பள்ளியில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த நாள் எவ்வளவு ஓட வேண்டும், எந்த நாள் ஓய்வு என்று எல்லாருக்கும் பொதுவாக ஓர் அட்டவணை வாட்சப்பில் அனுப்புவார். அது என் கைப்பேசிக்குத்தான் வரும். அவள் அதைப் பார்த்ததே இல்லை. நான் கதவைத் தட்டினால் எழுந்து வருவாள். நான் நின்றால் நிற்பாள்.

அது எந்த ஞாயிறு என்று நினைவில்லை. மேடு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளியில் ஒரு பையன் மூக்குக்குள் பச்சைப்பயறைத் திணித்துக்கொண்ட கதையை அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். பையன் அழுகிறான், ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வருகிறார், பயறைப் பிடுங்க யாரோ சாமணம் தேடுகிறார்கள். எனக்கு 'ம்' கொட்டக்கூட மூச்சில்லை. கதை நடுவில் பார்த்தால் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முந்த வேண்டும் என்று முந்தவில்லை. நான் பின்தங்கிவிட்டதைக் கவனிக்காமலேயே பேசிக்கொண்டு போனாள். அப்புறம் திரும்பிப் பார்த்து, எனக்காக வேகத்தைக் குறைத்தாள். அப்படிக் குறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பயறு மூக்கிலிருந்து வந்ததா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை.

அன்றைக்கு ஓடி முடித்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் உட்கார்ந்தபோது, உங்க தங்கச்சி என்னமா ஓடுறாங்க என்று ஆளாளுக்கு என்னிடம் சொன்னார்கள். நான் சிரித்தபடி ரொட்டியைப் பிய்த்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் தெரிந்தால் மனசு ஆறும் என்று தேட ஆரம்பித்தேன். சாப்பாடா என்றால் ஒரே பானை. அதுவும் பரிமாறுகிறவள் நான். படுக்கிற நேரமா என்றால் ஒரே நேரம். சத்துமாவு, லேகியம், மாத்திரை ஏதாவது இருக்குமோ என்று, துணி மடித்து வைக்கிற சாக்கில் அவள் அலமாரியைக்கூடப் பார்த்தேன். அங்கே இருந்த அவள் பையில் தைலம், கொண்டை ஊசி, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புளிப்பு மிட்டாய். அந்த மிட்டாயை நானும் ஒரு வாரம் வாயில் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தேன். பல் கூசியதுதான் மிச்சம்.

அப்புறம் கடிகாரம். உடம்புக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று சொல்கிற கடிகாரம் ஒன்றை என் பிறந்தநாளுக்குக் கணவர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை ஒரு வாரம் அவள் கையில் கட்டிவிட்டேன். அளவுக்கு மீறி உழைத்துவிட்டாய், ஓய்வெடு என்று அது தினமும் அவளை எச்சரித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த வார ஞாயிறு அவள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடினாள். கடிகாரம் என் கைக்குத் திரும்பியதும், நீ நன்றாக முன்னேறுகிறாய் என்றது. அப்போது எனக்கு மாடிப்படி ஏறினாலே கால் கனத்தது.

கோச் அங்கிளிடமே போய்க் கேட்டேன். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி. அவளுக்கு மட்டும் ஏன் என்று. அவர் தேநீரை ஆற்றினார்.

"எல்லாருக்கும் ஒரே டிரெய்னிங்தான்மா குடுக்கிறேன். சில பேரு பறக்கிறாங்க. சில பேரு கொஞ்சம் கொஞ்சமா வராங்க. சில பேருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல, சில பேரு உடைஞ்சே போறாங்க. யாரு எதுன்னு முன்னாடியே சொல்ல எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் தெரியல."

கொஞ்சம் குறைத்துப் பார்க்கும்படி சொன்னார். நான் கூட்டினேன். குறைவாக ஓடி முந்தியவள் யாராவது உண்டா? சாயங்காலமும் ஓடுவது என்று முடிவு செய்தேன். அட்டவணையில் ஓய்வு என்று இருந்த நாளிலும் ஃபிளாட் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினேன். இருட்டுகிற நேரம் என்பதால் கணவரின் சட்டம் அதற்கும் பொருந்தியது. அவளும் கூடவே வந்தாள். நான் கூட்டிய ஒவ்வொன்றும் அவளுக்கும் கூடியது. நான் தேய்ந்தேன், அவள் தேறினாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

உடம்பு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே நெஞ்சு படபடவென்று அடிக்கும். அலுத்துப் படுத்தாலும் தூக்கம் வராது. பசி போனது. சளி பிடித்தால் விடாது. ஒரு காலை முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது என்று கரண்டியை வீசி எறிந்துவிட்டு அழுதேன். அவள் வந்து கல்லைத் துடைத்து, வெங்காயம் தேய்த்து, அடுத்த தோசையை ஊற்றினாள். அது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று எழும்பி வந்தது. அதற்கும் எனக்கு எரிச்சல்தான்.

வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்கில் லேடி டாக்டர் ரத்தம் எடுத்து எல்லாவற்றையும் பார்த்தார். எதிலும் குறையில்லை. உடம்பு தாங்குவதைவிட அதிகமாக ஓடியிருக்கிறீர்கள், நிறுத்துங்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"சில பேருக்கு ரெண்டு வாரம் போதும். சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். உங்களுக்கு எவ்வளவுன்னு சொல்ல டெஸ்ட் எதுவும் இல்லம்மா."

வேலைக்கு விடுப்பு எடுக்க எம்சி எழுதிக் கொடுத்தார். வெளியே அவள் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். "அவங்களுக்கும் தெரியலையாம்" என்றேன். வேண்டுமென்றே அந்த வார்த்தையை அழுத்திச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

கோச்சுக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? தைப்பூசம் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சில வாரம் கழித்து மாரத்தான். என் காலைத் திருப்பிக் கொடு முருகா, விரதம் இருந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பத்துமலைக் கோயில்வரை வெறுங்காலோடு நடந்து வந்து பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். டாக்டர் சொன்ன ஓய்வை நான் எடுத்த லட்சணம் இதுதான். ஓடுகிறேன் என்று சொல்லியிருந்தால் கணவர் கதவைப் பூட்டியிருப்பார். நேர்த்திக்கடன் என்றால் எங்கள் சனத்தில் எந்த வாய் வேண்டாம் என்று சொல்லும்? எல்லாரும் நல்லது என்றார்கள். பகலில் ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, ராத்திரிக்குப் பாலும் பழமும், தரையில் படுக்கை. அக்கா தனியாக எப்படி இருப்பார்கள் என்று அவளும் விரதம் பிடித்தாள். அவளுக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. சும்மா துணைக்கு.

விடியும் முன்பே கிளம்பி நடந்தோம். தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்ததில் பத்துமலை வருவதற்குள் எனக்குப் பாதம் கொப்புளித்துவிட்டது. ஆற்றங்கரையில் குளித்து, குடத்தைத் தலையில் ஏற்றி, கூட்டத்தோடு படியேறினோம். பாதிப் படியில் கண் இருண்டது. அவள் ஒரு கையால் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். "வாங்கக்கா, வந்திருச்சு, வந்திருச்சு" என்று மேலே போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. சன்னதியில் என் காலைக் கேட்டேன். கேட்டது போதாதென்று இன்னொன்றையும் கேட்டேன்: இவளைக் கொஞ்சம் நிறுத்தி வை.

மறுநாள் காய்ச்சலில் விழுந்தவள் நான். அவள் விரதம் முடித்த முதல் ஞாயிறு கோச் அங்கிள் தன் கடிகாரத்தை இரண்டு தடவை பார்க்கும்படி ஓடினாள். முருகன் என் மனுவைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டார்.

மாரத்தானுக்கு நான் போகவில்லை. கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைக்குப் போய் வந்தாலே உட்காரத் தோன்றியது. நீங்கள் வரவில்லையென்றால் நானும் போகவில்லை என்றாள் அவள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"ஒழுங்கா போயிட்டு வா. நீ போகலன்னா, அக்காவாலதான் கெட்டுச்சுன்னு ஆயுசுக்கும் என் தலையிலதான் விடியும்."

போனாள். பந்தயம் முடியும் இடத்துக்கு நான் போகவில்லை. வீட்டிலேயே இருந்து உளுந்து ஊறவைத்தேன். வெயில் ஏறியதும் அவள் வந்தாள். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை, கைப்பேசியில் வந்திருந்த செய்தியைத் தேடிக் காட்டினாள். நான் வருடக்கணக்காக ஆசைப்பட்ட நான்கு மணி நேரத்துக்கு வெகு முன்பாகவே ஓடி முடித்து, மிச்ச நேரத்தில் நின்று பழம் தின்றிருக்கிறாள். பதக்கத்தைக் கழற்றிச் சமையலறையில் ஜல்லிக்கரண்டி மாட்டுகிற ஆணியில் மாட்டினாள். "உளுந்து அரைச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போனாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

அதன்பிறகு அவள் ஓடவில்லை. ஒரு நாள்கூட. என் அறைக் கதவு காலையில் திறக்கவில்லை, அதனால் அவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கோச் அங்கிள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அவருக்கு வடை கொடுத்து அனுப்பிவைத்தாள். அந்த வருடக் கடைசியில் கொழுந்தனாருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை கிடைத்து, இருவரும் தனிக்குடித்தனம் போனார்கள். ஃபிரிட்ஜில் இடம் நிறைய இருந்தது. எனக்கு உடம்பு திரும்பி வர ஒரு வருடத்துக்குப் பக்கமாக ஆனது. இப்போது ஓடுகிறேன். நான்கு மணி நேரம் இன்னும் கைக்கு வரவில்லை.

போன மாதம் நாங்கள் கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கினோம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வாசலில் அவளுடைய ஓட்டச் சப்பாத்து கிடந்தது, அந்த மாரத்தானுக்கு நானே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது. மேலெல்லாம் செதில் ஒட்டியிருந்தது. மீன் பாசாரில் தரை வழுக்குமாம், அதைப் போட்டுக்கொண்டுதான் போவாளாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தக் கால்கள் என்னிடம் இருந்திருந்தால்!

"உனக்கு ஆசையே வரலையா?" என்று கேட்டுவிட்டேன். "அவ்வளவு நல்லா ஓடினியே. எப்படி விட முடிஞ்சது?"

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஓடலையே. அப்புறம் நான் யாருக்குத் துணையா போறது?" அடுத்த மீனைக் கையில் எடுத்தாள். "எப்படி விட்டேன்னு கேட்டா, தெரியலக்கா."

அவளுக்கு உண்மையாகவே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதையும் மறைக்கவில்லை. ஓட வந்தது, முந்தியது, விட்டது எதற்குமே அவளிடம் காரணம் இல்லை. உடம்பு கெட்டபோதும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் உச்சியில் நின்றுகொண்டு சும்மா இறங்கி வந்துவிட்டாள். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

நாளைக் காலை நான் ஓடப்போகிறேன், துணைக்கு வருகிறாயா என்று கேட்டேன். புது இடம், இருட்டு என்று காரணம் சொன்னேன். வந்தாள், அந்தச் சப்பாத்தோடு. ஆற்றுப் பாலம் ஏறும்போதே பின்தங்கிவிட்டாள். நான் மேலே ஏறி நின்று காத்திருந்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"சாரிக்கா, லேட் ஆக்கிட்டேன்."

எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் அதை! முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். பொய் சொல்வானேன், ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அவள் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க ஞாயித்துக்கிழமை ஓடும்போது நானும் வரட்டுமா? டிரெய்ன் பிடிச்சு வந்திடுவேன் லா."

ஒரு சில மாதம் பழகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி ஆகாமலும் போகலாம். யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வேறு யார் ஓடி வந்தாலும் எனக்கு அது துணையாக இருந்ததில்லை.

"தெரியல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பாலத்திலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் மெதுவாக ஓட ஆரம்பித்தோம். பேச்சை மாற்றுவதற்காக, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். அந்தப் பையன் மூக்குக்குள் போன பயறு கடைசியில் என்ன ஆனது?

"ஐயோ, அதுவா" என்று சிரித்தாள். பையன் அழுததிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்தார், சாமணம் கிடைக்கவில்லை, யாரோ மிளகுப்பொடி கொண்டுவந்தார்கள். நான் 'ம்' கொட்டிக்கொண்டே ஓடினேன். பையன் தும்முகிற இடம் வந்தபோதுதான் கவனித்தேன், அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.